வளைந்த பாய்மரம்: திருப்பிப் போடலாமா, நிமிர்த்தலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

போன சித்திரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கீற்றுக் கொட்டகைக்குக் கீழே இரண்டு பாய்மரங்கள் அருகருகே கிடந்தன. ஒன்று என் வத்தையின் (சின்னப் பாய்ப்படகு) சவுக்கு மரம், பதினெட்டு அடி. இன்னொன்று தஞ்சாவூர் நண்பருடையது. சென்னையில் யாரோ கைவிட்ட பழைய ஒட்டுப்பலகைப் பாய்ப்படகு ஒன்றை வாங்கி வந்து, லீவு நாளில் மல்லிப்பட்டினம் பக்கம் ஓட்டிப் பழகுகிறார். அவருடையது ஸ்ப்ரூஸ் பலகைகளை ஒட்டி இழைத்த மரம், வெளிநாட்டுச் சரக்கு. நூல் பிடித்துப் பார்த்தால் இரண்டிலும் வளைவு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம்.

என்னுடையதை அப்படியே கடலுக்குக் கொண்டுபோனேன். அவருடையதை இரண்டாகப் பிளக்கச் சொன்னேன். "ரெண்டும் ஒரே வளைவுதானே, உங்க மரத்துக்கு ஒரு நியாயம், என் மரத்துக்கு ஒரு நியாயமா?" என்று கோபித்துக்கொண்டார். அவருக்கு அன்று வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகும் என்ஜினும் பிடித்துக்கொண்டன. ஆனாலும் பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். கரையை ஒட்டி நண்டு வலை போடப் பாய் விரித்தே போய் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டியும் நடக்கிறது. படகு இருக்கிறது, பாய் இருக்கிறது, பாய்மரம் பார்க்கத் தெரிந்த ஆசாரிகள்தான் குறைந்துபோனார்கள். அந்தக் காலத்து ஆசாரி மரத்தின் ஒரு முனையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஆகும்" அல்லது "ஆகாது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். நமக்கு அந்தக் கண் கிடையாது. நூல்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் அளவு

மரத்தின் இரண்டு முனையையும் இரண்டு ஸ்டூல் மேல் வையுங்கள். ஸ்டூலின் மேல்பக்கம் வழவழப்பாக இருந்தால், உருட்டு மரம் தானாகவே கொஞ்சம் உருண்டு, புடைத்த பக்கம் கீழே வரும்படி நின்றுவிடும். மரம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் தங்கூசி நரம்பை (நைலான் நூல்) முனைக்கு முனை விறைப்பாகக் கட்டி, குழிந்த பக்கத்தில் நரம்புக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. கிடக்கும் மரம் தன் கனத்தாலேயே நடுவில் தொய்யும். அந்தத் தொய்வையும் வளைவென்று எழுதிக்கொண்டால் நல்ல மரத்தை விறகுக்குப் போட்டுவிடுவோம். அதனால் மரத்தைத் தலைகீழாகப் புரட்டி, புடைப்பு மேலே இருக்கும்படி கட்டை கொடுத்து நிறுத்தி, மறுபடி அளக்க வேண்டும். என் மரம் புடைப்பு கீழே இருந்தபோது 56 மில்லிமீட்டர் காட்டியது. புரட்டிப் போட்டால் 18. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 37. இதுதான் மரத்தில் நிலைத்துவிட்ட வளைவு. கழித்துப் பாதியாக்கினால் 19. இது வெறும் கனத்தால் வந்த தொய்வு. முதல் அளவை மட்டும் நம்பியிருந்தால் ஒன்றரை அங்குலத்தை இரண்டேகால் என்று எடுத்துக்கொண்டு பயந்திருப்பேன்.

நடுவில் மட்டும் அளந்தாலும் போதாது. வளைவு வில் மாதிரி சீராக இருக்கிறதா, முழங்கை மாதிரி ஓரிடத்தில் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. சீரான வில்லாக இருந்தால், முனையிலிருந்து கால்வாசி தூரத்தில் உள்ள இடைவெளி நடு இடைவெளியில் முக்கால் பங்கு இருக்கும். நடுவில் மட்டும் மடங்கிய மரமென்றால் அதே இடத்தில் பாதிதான் இருக்கும். என் மரத்தில் நடுவே 37 என்றால் கால்வாசியில் 28 வர வேண்டும். 27 வந்தது. சரி, வில்தான். 18 வந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரிப் போயிருக்கும்.

அளந்த இடங்களில் சுண்ணாம்பால் கோடு போட்டு, தேதியையும் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே கோடுகளில் மறுபடி அளக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் வளைந்திருக்கிறது என்பதைவிட, இன்னும் வளைந்துகொண்டிருக்கிறதா, வளைந்து முடித்துவிட்டதா என்பதுதான் பெரிய கேள்வி. ஏழெட்டு வருஷம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்து, வளைய வேண்டியதை வளைந்து ஓய்ந்த மரத்தை நான் நம்புவேன். போன மாதம் வெட்டிய, நூல் பிடித்த மாதிரி நேரான பச்சைச் சவுக்கை நம்ப மாட்டேன்.

ஏன் வளைந்தது

காரணம் தெரியாமல் நிமிர்த்தினால் அடுத்த வருஷம் பழையபடி வந்து நிற்கும்.

வாடைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், பாய்ப்படகைக் கரையேற்றிவிட்டு மரத்தைக் கழற்றி எங்கோ கிடத்துகிறோம். பெரும்பாலும் இரண்டு முனையிலும் கல்லோ கட்டையோ வைத்து, வெட்டவெளியில். மாதக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்தால் நடு தொய்ந்து அப்படியே நின்றுவிடும். மழை விட்டு வெயில் வந்ததும் மேல்பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கும். அடிப்பக்கம் ஈரத்தோடு இருக்கும். மேல்பக்கம் சுருங்கினால் முனைகள் மேலே இழுத்துக்கொள்ளும், நடு கீழே போகும். கனமும் வெயிலும் சேர்ந்து ஒரே திசையில் வேலை செய்கின்றன. நிழலில் நான்கைந்து இடத்தில் தாங்கல் கொடுத்து, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை புரட்டிவிட்டால் இந்தத் தொந்தரவில் பாதி வரவே வராது. எல்லாரும் தெரிந்தே செய்யாமல் விடுவது இதைத்தான், என்னையும் சேர்த்து.

இன்னொரு காரணம் மரத்தின் பிறப்பிலேயே இருப்பது. நம் கடற்கரைத் தோப்புச் சவுக்கு, ஓரத்து மரமென்றால், காற்றில் சாய்ந்தே வளரும். சாய்ந்து வளரும் சவுக்கு தன்னை நிமிர்த்திக்கொள்ள மேல்பக்கத்தில் வேறு மாதிரியான இழையைப் போட்டுக்கொள்கிறது. சாதாரண மரம் நீளவாக்கில் காயும்போது சுருங்குவது ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரைதான். இந்த இழை அதைவிட நிறையச் சுருங்கும். ஒரு பக்கம் அதிகம் சுருங்கினால் மரம் வளைந்துதானே ஆக வேண்டும். அடிமரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நெஞ்சு (மரத்தின் மையப் புள்ளி) நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அப்படி இருந்தால் அந்த மரத்தை நிமிர்த்தும் வேலையே வேண்டாம்.

மூன்றாவது முறுக்கு. இழை கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு போகும் மரம். காய்ந்த பிறகு விழும் வெடிப்பு நேர்கோடாக இல்லாமல் மரத்தைச் சுற்றி ஏறினால் அது முறுக்கு மரம். உச்சியில் கப்பி நாலு மாதத்தில் வேறு பக்கம் பார்த்து நிற்பதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம். இழை பத்துக்கு ஒன்று என்ற அளவில் சாய்ந்தாலே வளைவு தாங்கும் பலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஐந்துக்கு ஒன்று சாய்ந்தால் பாதிப் பலம் போய்விட்ட மாதிரி. நூல் வைத்தால் முறுக்கு மரம் நேராகக்கூட இருக்கலாம். அப்படியிருந்தும் ஆபத்தானது அதுதான்.

அளவும் காரணமும் பார்த்தாயிற்று. இனி கையால் தடவிப் பார்க்க வேண்டும். நீளவாக்கு வெடிப்பு சவுக்கில் சகஜம். விரல் நகம் போகும் அளவு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. குறுக்கு வெடிப்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் மரம் முடிந்தது. குழிந்த பக்கத்தில், சில நேரம் எதிர்ப்பக்கத்திலும், தோல் சுருங்கிய மாதிரி குறுக்கே மெல்லிய மடிப்புகள் தெரியும். எப்போதோ ஒரு பலத்த காற்றில் உள்ளிழை அமுங்கி நசுங்கியதன் தழும்பு அது. அந்த மரம் இன்னொரு காற்றுக்குத் தாங்காது. சாய்வு வெயிலில், காலையிலோ மாலையிலோ, கண்ணை மரத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நட்டநடு மதியத்தில் தேடினால் கிடைக்காது.

அப்புறம் மரம் குறுக்குப் பலகைத் துளையில் உட்காரும் இடம், அடிக்குழியில் உட்காரும் நுனி. இரண்டிலும் ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். வேப்பமரக் கட்டையால் தட்டினால் நல்ல இடம் 'டங்'கென்றும் உளுத்த இடம் 'தொப்'பென்றும் சொல்லும். இரும்பாணி அடித்த இடத்தில் கறுப்புக் கறை இருந்தால் அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குத்துங்கள்.

அப்படியே விடுவது, அல்லது திருப்பிப் போடுவது

நான் முதலில் யோசிப்பது எப்போதும் இதைத்தான். பாய் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து இதன் நியாயம் மாறும்.

எங்கள் வத்தையில் பாய் மரத்தோடு ஒட்டிக் கட்டப்படுவதில்லை. பருமல் என்கிற குறுக்கு மூங்கில் கழியில் தொங்குகிறது. பருமலை ஆஞ்சான் கயிறு மேலே தூக்கிப் பிடிக்கிறது. பாயின் வடிவத்தைத் தீர்மானிப்பது பருமலும், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறும்தான். மரம் வெறும் கம்பம். அது ஒன்றரை அங்குலம் வளைந்திருப்பது பாய்க்குத் தெரியவே தெரியாது.

நண்பரின் படகில் கதையே வேறு. பாயின் முன்விளிம்பு முழுவதும் பாய்மரத்தின் பின்பக்கக் காடியில் (நீளப் பள்ளம்) செருகி ஏறுகிறது. மரம் வளைந்த மாதிரியே பாயும் வளையும். மரத்தின் நடு முன்பக்கம் புடைத்தால் பாய் தட்டையாகும். பலத்த காற்றில் அது நல்லதுகூட, வேண்டுமென்றே அப்படி வளைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. நடு பின்பக்கம் போனால் பாய் தொப்பை போடும், காற்று ஏற ஏறப் படகு சாய்ந்துகொண்டே போகும். பக்கவாட்டில் வளைந்தால் இடப்பக்கக் காற்றில் ஒரு மாதிரியும் வலப்பக்கக் காற்றில் ஒரு மாதிரியும் ஓடும். காடி ஒரே பக்கம் இருப்பதால் மரத்தைத் திருப்பி நிறுத்தவும் வழியில்லை. அவருக்கு வளைவு பக்கவாட்டில். போதாக்குறைக்கு, ஒரு மாதத்தில் நாலு மில்லிமீட்டர் கூடியிருந்தது.

என் மரம் உருட்டு மரம், எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். புடைப்பை அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, பார்த்து நிறுத்தி, அடிக்குழியில் ஆப்பு வைத்து இறுக்கினேன். கூலியும் இல்லை, செலவும் இல்லை. பதினெட்டடி மரத்தில் ஒரு அங்குலத்துக்குள் சீரான வளைவென்றால் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் வரை, வளைவு ஓய்ந்த மரமாக இருந்தால், திருப்பிப் போடுவேன். அதற்கு மேல் போனால் கனம் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்பதால் படகே ஒரு பக்கம் சாய்ந்து மிதக்க ஆரம்பிக்கும், யோசிக்க வேண்டும். இது என் கை அனுபவம்தான், எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருப்பதல்ல.

இழைத்து நேராக்குவது

இதை மட்டும் செய்யாதீர்கள். நான் செய்தேன்.

எனக்கு முதன்முதலில் வாய்த்த மரத்தில் புடைப்பு கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இழைப்புளியை எடுத்துப் புடைத்த பக்கத்தைச் சீவினேன். சீவியதும் அந்தப் பக்கம் தட்டையாகத் தெரிந்தது. அழகுக்காகச் சுற்றிலும் உருட்டிவிட்டேன். எட்டு சென்டிமீட்டர் பருமன் ஏழானது. ஒரு சென்டிமீட்டர்தானே என்று நினைத்தேன். உருட்டு மரத்தின் பலம் பருமனின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. விறைப்பு நான்மடிப் பெருக்கத்தில். எட்டு ஏழானால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று, விறைப்பில் நூற்றுக்கு நாற்பது போயிற்று. ஆடி மாதம் கச்சான் காற்றில், குறுக்குப் பலகைக்கு ஒரு சாண் மேலே ஒடிந்தது. பாயும் பருமலும் தண்ணீரில் விழுந்து படகை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தன. ஃபைபர் படகில் வந்த காக்கா (அண்ணன்) ஒருவர் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வந்தார். "தம்பி, மரத்துக்குச் சவரம் பண்ணுனியளா?" என்று அவர் கேட்டது இன்றும் எங்கள் தெருவில் ஓடுகிறது.

இன்னொரு விஷயமும் பின்னால்தான் புரிந்தது. வளரும் மரத்தின் வெளி அடுக்கு எப்போதும் நீளவாக்கில் விறைப்பாக இழுபட்டே இருக்கும். பச்சையாக இருக்கும்போது ஒரு பக்கத்தைச் சீவினால் அந்தப் பக்கத்து இழுப்பு விட்டுப்போகிறது. எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. புடைத்த பக்கத்தைச் சீவச் சீவ, குழிந்த பக்கம் இன்னும் குழியும். வளைவைப் போக்கப் போய் வளைவைக் கூட்டுகிற வேலை.

பாரம் வைத்து நிமிர்த்துவது

கரையில் எல்லாரும் முதலில் சொல்லும் வைத்தியம் இது. புடைப்பு மேலே இருக்கும்படி மரத்தை வைத்து, நடுவில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிடுவது. வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். கனத்தில் கிடந்து தொய்ந்த மரமென்றால், வந்த வழியே திரும்பிப் போகும். பிறவியிலேயே சாய்ந்து வளர்ந்த மரமென்றால் மூட்டையை எடுத்த மறுவாரமே பழைய இடத்துக்குப் போய்விடும்.

செய்வதென்றால் கொஞ்சம் முறையாகச் செய்யலாம். குழிந்த பக்கம் சுருங்கிய பக்கம். அதற்கு ஈரம் வேண்டும். புடைத்த பக்கம் காய வேண்டும். அதனால் அடியில் இருக்கும் குழிந்த பக்கத்தில் நனைந்த சாக்கைச் சுற்றிக் கட்டி, மேல்பக்கம் வெயில் படும்படி விடுவார்கள். மரம் ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும்போதுதான் பாரத்துக்கு நன்றாக இணங்கும். ஒரே நிலையில் காய்ந்து கிடக்கும் மரம் பிடிவாதம் பிடிக்கும். நேராகும் வரை மட்டும் வளைத்தால் போதாது, எதிர்ப்பக்கம் ஏறக்குறைய அதே அளவு வளையும்வரை பாரம் வேண்டும், விட்டதும் பாதி திரும்பி வந்துவிடும் என்பதால். நாலு முதல் ஆறு வாரம். பங்குனி சித்திரை இதற்குத் தோதான காலம். ஆறு வாரத்துக்குப் பிறகு மூட்டையை எடுத்துவிட்டு, இன்னொரு மாதம் சும்மா வைத்து அளந்து பார்த்த பிறகுதான் படகில் ஏற்ற வேண்டும். அவ்வளவு பொறுமை இருந்தால் பாதி வளைவாவது போகும் என்பது என் கணக்கு.

ஆவியில் வேக வைத்து நிமிர்த்தலாமே என்று நண்பர் கேட்டார். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மூன்றங்குல மரத்துக்கு மூன்று மணி நேரம், அதுவும் பதினெட்டடி நீளப் பெட்டி. பல வருஷம் காய்ந்த மரம் ஆவிக்கும் லேசில் வளையாது. அவருடையதோ ஒட்டு மரம்; சூட்டில் பசை விட்டுப்போகும். நெல் அவிக்கிற ஆலைக்காரர்களைக் கேட்கலாமே என்றுகூட யோசித்தார் மனிதர்!

பக்கவாட்டில் கயிறு கட்டி இழுத்து நேராக்குவது இன்னொரு வழி. நண்பரின் படகு மாதிரி, இருபக்கமும் கம்பிக் கயிறு கட்டிய மரங்களுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் கயிற்றை இறுக்க இறுக்க மரத்தை அடிநோக்கி அமுக்கும் பாரம் கூடுகிறது. ஏற்கெனவே வளைந்த கம்பை மேலிருந்து அமுக்கினால் என்ன ஆகும் என்று ஒரு விளக்குமாற்றுக் குச்சியில் செய்து பாருங்கள். அரை அங்குல வளைவுக்குச் சரி. ஒன்றரைக்கு வேண்டாம்.

பிளந்து புரட்டி ஒட்டுவது

நண்பருக்கு நான் சொன்னது இதைத்தான். ஸ்ப்ரூஸ் நல்ல மரம். லேசானது, இழை நேரானது. என் சவுக்கு மரம் இருபத்துமூன்று கிலோ இருக்கும்; அதே பருமனில் ஸ்ப்ரூஸ் பாதி எடைதான் வரும். உச்சியில் ஒரு கிலோ குறைந்தாலும் சின்னப் படகுக்கு அது பெரிய நிம்மதி. இங்கே அதற்கு மாற்று கிடைப்பது கஷ்டம், தூக்கிப் போட மனசு வராது.

பழைய ஒட்டை ஒட்டியே நீளவாக்கில் இரண்டாக அறுத்துவிட வேண்டும். ஒரு பாதியைத் திருப்பி, அதன் வளைவு இன்னொரு பாதியின் வளைவுக்கு எதிராக வரும்படி வைத்து எபாக்ஸி பசையால் ஒட்ட வேண்டும். ஒன்று இடப்பக்கம் இழுத்தால் மற்றொன்று வலப்பக்கம் இழுக்கும். சண்டை சமமாகி மரம் நேராக நிற்கும். பின்னால் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் எதிரெதிராகவே இழுக்கும் என்பது இதன் பெரிய லாபம். பாரம் வைப்பதில் இந்த உத்தரவாதம் கிடையாது.

சிரமங்களும் உண்டு. அரை அடிக்கு ஒரு கிளாம்ப் என்றால் முப்பதுக்கு மேல் வேண்டும். தெரிந்த தச்சுப் பட்டறைகளில் எல்லாம் இரவல் கேட்டு, மீதிக்குச் சைக்கிள் ட்யூபை அறுத்துச் சுற்றினோம். பாய் செருகும் காடியைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. அதோடு ஈரம். கடலோரக் காற்றில் மரத்தின் ஈரம் லேசில் இறங்காது. ஈர மரத்தில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. கத்திரி வெயில் நாட்களில் தஞ்சாவூரில் அவர் வீட்டு மச்சில் மூன்று வாரம் காய வைத்த பிறகுதான் ஒட்டினோம். கடலில் இருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனது வீண்போகவில்லை. இப்போது அவர் மரத்தில் வளைவு 3 மில்லிமீட்டர்.

இதே வேலையைச் சவுக்கில் செய்யப் பார்க்காதீர்கள். அறுக்கும்போதே இரண்டு பாதியும் வாழைப்பழத் தோல் மாதிரி விரிந்துகொள்ளும். அந்தக் கெட்டி மரத்தில் பசை இறங்குவதும் குறைவு.

வெட்டி ஒட்டுப் போடுவது

வளைவு ஓரிடத்தில் மடங்கலாக இருந்து, மீதி மரம் நன்றாக இருந்தால் இது பொருந்தும். கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புது மரத்தைச் சாய்வொட்டாகச் சேர்ப்பது. சாய்வின் நீளம் பருமனைப் போல் பன்னிரண்டு மடங்கு வேண்டும். எட்டு சென்டிமீட்டர் மரத்துக்கு மூன்றடிக்கு மேல் ஒட்டு. கெட்ட இடம் உச்சிப் பக்கம் என்றால் தாராளமாகச் செய்யலாம். குறுக்குப் பலகைக்குப் பக்கத்தில் என்றால் செய்யவே கூடாது. இழுகயிறு இல்லாமல் நிற்கும் எங்கள் பக்கத்து மரங்களில் காற்றின் முழுப் பாரமும் இறங்குவது அங்கேதான். என் முதல் மரம் ஒடிந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்.

மேலே ஃபைபர் துணி சுற்றிப் பலப்படுத்தலாம் என்று ஃபைபர் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். வளைவு போகாது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரம் உள்ளுக்குள்ளேயே உளுக்கும். வெளியே பளபளவென்று இருப்பதால் நமக்குத் தெரியவும் தெரியாது.

புது மரம்

மாற்றத்தான் வேண்டும் என்றால் எங்கள் பக்கம் முதலில் கைக்கு வருவது சவுக்குதான். வேதாரண்யம் தொடங்கி மேலே கடற்கரை நெடுக நட்டிருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களை அப்போது மலிவாகக் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் சிலர் பின்னால் வருந்தினார்கள். புயலில் சாய்ந்த மரத்துக்குள் அமுக்கு மடிப்பு இருந்தால் வெளியே தெரியாது. தோப்பின் ஓரத்து மரம் வேண்டாம். உள்ளே நெருக்கத்தில், வெளிச்சத்துக்காக நேராக மேலே ஓடிய மரத்தைத் தேடுங்கள். வெட்டியதும் பட்டையை உரித்து, இரண்டு வெட்டு முனையிலும் பெயின்ட்டோ சாணியோ அப்பி, குளத்திலோ வாய்க்காலிலோ ஒரு மாதம் ஊறப் போட வேண்டும். ஊறும்போது மரத்துச் சாறு கரைந்து போவதால் பூச்சி விழுவது குறையும். அப்புறம் நிழலில் புரட்டிப் புரட்டி ஆறேழு மாதமாவது காய வேண்டும். இன்று வெட்டி நாளைக்குப் பாய் கட்ட முடியாது. அந்த இடைக்காலத்துக்கு வளைந்த பழைய மரமே துணை.

அவசரமென்றால் மூங்கில். கொள்ளிடக் கரை மூங்கில் லேசானது, குழாய் மாதிரி இருப்பதால் கனத்துக்கு மிஞ்சிய விறைப்பு உள்ளது. ஆனால் ஆணி அடித்தால் பிளக்கும். கப்பிக்குத் துளை போட முடியாது, கயிறு சுற்றித்தான் கட்ட வேண்டும். குறுக்குப் பலகை பிடிக்கும் இடத்தில் நசுங்காமலிருக்க அடிக்கணுக்களுக்குள் மரக்கட்டையைத் திணித்துவிட வேண்டும். சின்னப் பாய்க்கு ஒரு பருவம் ஓடும். பருமலுக்கு மூங்கிலை மிஞ்ச எதுவும் இல்லை. பாய்மரத்துக்கு அது மாற்று ஏற்பாடுதான்.

தேக்கு வளையாது, உளுக்காது. அந்தக் காசுக்கு நேரான பதினெட்டடித் தேக்கு கிடைத்தால் அதில் நிலைக்கதவு செய்வார்களா, பாய்மரம் செய்வார்களா? புன்னை பழைய ஆட்களின் மரம். புன்னை இனத்து மலைமரங்களை வெள்ளைக்காரன் கப்பல் பாய்மரத்துக்கென்றே தேடி வாங்கினான், பூன் என்று சொன்னான். கடற்கரைப் புன்னையில் பதினெட்டடி நேர்மரம் தேடுவதற்குள் நமக்கு வயசாகிவிடும்.

அலுமினியக் குழாயைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். லேசு, நேர், வெயிலுக்கு வளையாது. நண்பரின் மாதிரிப் படகுக்கு அது நியாயமான தேர்வு. அவருடைய ஸ்ப்ரூஸ் ஒட்டு சரியாக வராமல் போயிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஸ்டீல் ஆணியும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் ஆணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டு வரும். நடுவே பிளாஸ்டிக் வாஷர் கொடுக்க வேண்டும். அப்புறம், மரம் ஒடிவதற்கு முன் முனகும். அலுமினியம் சத்தமே போடாமல் மடங்கும். கடலில் எனக்கு முனகுகிற ஆள்தான் வேண்டும்.

என் பழைய மரத்தைப் புடைப்பு முன்பக்கம் பார்க்க நிறுத்தி இது இரண்டாவது பருவம். முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு பூச்சு, சுற்றிலும் ஒரே அளவாக. ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் தனியாக ஈரம் குடிக்கும். போன வாரம் கழற்றி அளந்தேன், 38. ஒரு மில்லிமீட்டர் நூலின் பிழையாகவும் இருக்கலாம். இருந்தாலும் ஐயனார் கோவில் குளத்தில் ஒரு புதுச் சவுக்கு ஊறிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து குதிக்கிறார்கள் என்று கேள்வி. தொய்ந்துவிடப் போகிறது, நாளைக்குப் போய்ப் புரட்டிவிட்டு வர வேண்டும்.